கொச்சி மூங்கில் விழாவுக்குப் போகிறேன். வீட்டுக்கு எந்தக் கன்று வாங்குவது?

மாடிப்பந்தல் (கோவை)

இந்த முறை கேரள மூங்கில் விழாவுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. எர்ணாகுளத்தில் தங்கை வீடு இருப்பதால் தங்கும் கவலை இல்லை. கூடை, முறம் பார்ப்பது அம்மாவின் ஆசை. எனக்குக் கன்று வேண்டும்.

வீட்டுக்கு மேற்கே காலி மனையாகக் கிடந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. அவர்களுடைய சமையலறை ஜன்னல்கள் எல்லாம் எங்கள் கூடத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே மூன்றடி அகலம், இருபதடி நீளத்தில் மண் தரை இருக்கிறது. அதில் வரிசையாக மூங்கில் வைத்து மறைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் மஞ்சள் மூங்கில் வைக்கவும் ஆசை. மண் செம்மண். ஆழ்குழாய்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு.

மூங்கில் வைத்தால் பாம்பு வரும் என்கிறார் மாமியார். சுவர் சாயும் என்கிறார் கொத்தனார். மரங்களைவிட 35 சதவீதம் அதிகமாக ஆக்சிஜன் தரும் என்கிறது செல்பேசி. வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வாளையார் வண்டி (பாலக்காடு)

போய் வாருங்கள் அக்கா, நல்ல விழா. ஆனால் அது கன்றுச் சந்தை அல்ல. கேரளத் தொழில் துறையும் மாநில மூங்கில் இயக்கமும் சேர்ந்து, கைவினைஞர்களுக்கு வாடிக்கையாளர் கிடைக்க வேண்டும் என்பதற்காக நடத்துவது. நாற்காலி, விளக்குக் கூண்டு, புல்லாங்குழல், பாய், புட்டுக்குழல் என்றுதான் கடைகள் நீளும். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருவார்கள். கன்று விற்பவர்கள் எங்காவது ஓரத்தில் இருப்பார்கள், தேட வேண்டும். தேதியும் இடமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மரைன் டிரைவிலும் நடந்திருக்கிறது, கலூர் ஸ்டேடியம் பக்கமும் நடந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கன்று வாங்கப் போகிறவர் நேராகக் கன்றுக் கடைக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. முதலில் நாற்காலி செய்கிறவர்களிடம் நின்று, வெட்டுவாயைப் பாருங்கள். ஒரு கழி உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருக்கும். இன்னொன்றில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. கூடை பின்னுவது பெரும்பாலும் ஈட்டா என்று அங்கே சொல்லும் மெல்லிய சுவர் கொண்ட இனம். அதன் கணுவுக்குக் கணு உள்ள தூரத்தைப் பார்த்தால் நம் ஊர் மூங்கில் குட்டையாகத் தெரியும். பின்னுகிற பெண்கள் கத்தியை அசைக்க மாட்டார்கள். கத்தியை முழங்காலோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொண்டு கீற்றை இழுப்பார்கள். பச்சைத் தோல் ஒரு பக்கம் நாடாவாக வரும், உட்சதை மறுபக்கம் சுருண்டு விழும். அங்கமாலிப் பக்கம் இந்த வேலையில் தேர்ந்த கைகள் உண்டு. மாநில மூங்கில் கழகமே அங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால், மூங்கில் என்பது ஒரே செடி அல்ல என்பது கண்ணுக்கே விளங்கிவிடும். பிறகு கன்றுக் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

மூங்கில் அரிசிப் பாயசம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற வனவர் (மேட்டுப்பாளையம்)

அம்மா, மற்றவற்றைப் பிறகு பேசலாம். விற்பவரிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: இந்தக் கன்று விதையில் வந்ததா, தாய்த் தூரிலிருந்து எடுத்ததா? தாய்த் தூருக்கு என்ன வயது?

மூங்கில் புல் இனம். நெல்லும் சோளமும் கதிர் முற்றியதும் காய்ந்துவிடுவதைப் போல இதுவும் பூத்துக் காய்த்ததும் காய்ந்துவிடும். நடுவில் காத்திருக்கும் காலம்தான் நீளம். நம் காட்டு முள் மூங்கில் நாற்பது ஆண்டுகளை ஒட்டிப் பூக்கும். கல் மூங்கிலுக்கு இடத்தைப் பொறுத்து இருபது ஆண்டிலிருந்து நாற்பதுக்கும் மேல் ஆகலாம். மிசோராமில் முலி மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுவதும் சேர்ந்து பூக்கிறது. விழுகிற காயைத் தின்று எலி பெருகி, காய் தீர்ந்ததும் வயலுக்குள் இறங்கிவிடும். 1959இல் அப்படி வந்த பஞ்சத்துக்கு நிவாரணம் தேடத் தொடங்கிய அமைப்புதான் பிறகு மிசோ தேசிய முன்னணி என்ற கட்சியானது. அடுத்த பூப்பு 2007ஐ ஒட்டி வந்தது. விழாவில் மிசோராம் கடை இருந்தால் கேட்டுப் பாருங்கள், பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

வீட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வெட்டி நட்ட போத்துக்குத் தாயின் வயதுதான் வயது. கிழங்கோடு பெயர்த்த கன்றுக்கும் அப்படியே. திசு வளர்ப்புக் கன்று என்றால், எந்தத் தூரிலிருந்து திசு எடுத்தார்களோ அதன் வயது. முப்பத்தைந்து வயதுத் தூரிலிருந்து எடுத்த முள் மூங்கில் கன்றை நீங்கள் ஆசையாக நட்டால், புதர் கட்டி முடிக்கிற நேரத்தில் அது தாயோடு சேர்ந்து பூத்துக் காயும். நட்டவர் நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓடுவார். பணியில் இருந்தபோது அப்படி ஒடித்துக் கொண்டுவந்து காட்டிய கிளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இலையே இருக்காது. கணுவுக்குக் கணு வைக்கோல் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. மருந்தால் ஆவது ஒன்றுமில்லை.

விதையில் வந்த நாற்றுக்கு வயது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் முதல் ஆண்டு பார்க்க வெறும் புல்லாக இருக்கும். விழாவுக்கு வருபவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள், தடித்த குச்சியில் நான்கு இலை விட்ட போத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். மூங்கில் அரிசி விற்பவர் இருந்தால், எந்தக் காட்டில், எப்போது பூத்தது என்று விசாரியுங்கள். உமி நீக்காத விதை சில மாதங்களுக்கு மேல் முளைப்புத் திறன் தாங்காது. அந்தப் பூப்பில் விழுந்த விதையை உடனே முளைக்க வைத்த நாற்று எங்காவது கிடைத்தால், உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை பூப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மஞ்சள் மூங்கில் இந்தக் கணக்கில் சேராது. அது பூப்பதே மிக அபூர்வம், விதை பிடிப்பதும் இல்லை. உலகம் முழுவதும் போத்து வழியாகவே பரவிய இனம். அதைப் பயமில்லாமல் போத்தாகவே வாங்கலாம்.

வேலிக்கணக்கு (ஈரோடு)

மூன்றடியில் மூங்கிலா? யாரும் குறுக்கே வந்து தடுக்கவில்லையே என்று நான் வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒருவர் சுற்றுச்சுவரை ஒட்டி மஞ்சள் மூங்கில் வைத்தார். முதல் இரண்டு ஆண்டு எல்லோரும் படம் எடுத்தோம். பிறகு தூர் பருத்துச் செங்கல் சுவரைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டது. சருகு முழுவதும் அடுத்த வீட்டுக் கூரைக் குழாயில் அடைத்து, ஐப்பசி மழையில் தண்ணீர் கூடத்துக்குள் இறங்கியது. இன்று அந்த இரண்டு வீட்டாரும் கல்யாணத்துக்குக்கூட அழைத்துக்கொள்வதில்லை. ஆளை வைத்து வெட்டலாம் என்றால், சிம்பும் கிளையும் பின்னிக்கொண்டு ஒரு கழியும் தனியாக வெளியே வராது.

மறைப்புக்கு ஒரு பச்சை வலை கட்டி அதில் கொடி ஏற்றுங்கள் அம்மா. செலவும் குறைவு, சண்டையும் இல்லை.

ஓய்வுபெற்ற வனவர் (மேட்டுப்பாளையம்)

> மூன்றடியில் மூங்கிலா?

ஈரோட்டுக்காரர் சொன்ன சேதம் உண்மை. ஆனால் குற்றம் இனத்தைத் தேர்ந்ததில். மஞ்சள் மூங்கில் தரையில் வைத்தால் ஐம்பதடிகூடப் போகும், கழி கை மணிக்கட்டைவிடப் பருக்கும். அதைச் சுவரோரம் வைக்கலாமா?

மூங்கிலில் இரண்டு வகைக் கிழங்கு உண்டு. ஒன்று தரைக்குள் குறுகிய கழுத்தோடு வளைந்து உடனே மேலே முளையாக வரும். தூர் கட்டி நிற்கும். வெப்ப நாட்டு மூங்கில்கள் பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று தரைக்குள் கிடையாக ஓடி, எங்கோ தள்ளி முளைக்கும். சீனா, ஜப்பான் போன்ற குளிர் நாட்டு இனங்களில் நிறைய. வெளிநாட்டு வீடியோக்களில் தரையைப் பிளந்து அடுத்த வீட்டுக்குப் போவது அதுதான். சொன்ன முலி மூங்கிலும் தொல்லைதான்: தூர் வகையைச் சேர்ந்ததே என்றாலும் அதன் கிழங்குக் கழுத்து நீளம், கழிகள் தள்ளித் தள்ளி எழும்பும். காட்டுக்கு நல்லது, மூன்றடி மண்ணுக்கு ஆகாது.

உங்களுக்கு ஏற்றது பம்பூசா மல்டிபிளெக்ஸ். நர்சரியில் வேலி மூங்கில் என்று கேளுங்கள். விரல் தடிமனில் கழி, அடியிலிருந்தே இலை, உயரம் பத்து முதல் இருபதடி. அதிலேயே மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு போட்ட வகையும் உண்டு, சன்ன இலையோடு ஆள் உயரத்தில் நின்றுவிடும் குட்டை வகையும் உண்டு. நாலடிக்கு ஒன்றாக நட்டால் உங்கள் இருபதடிக்கு ஐந்து போதும். சுவர்ப் பக்கம் ஓரடி விட்டு, வீட்டை நோக்கித் தள்ளியே நடுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சுவர்ப் பக்கம் வந்த புது முளைகளைக் கடப்பாறையால் கிழங்கோடு நெம்பி எடுத்துவிட வேண்டும். இந்த வேலையை ஆண்டுதோறும் செய்ய முடியாதவர்களுக்கு ஈரோட்டுக்காரர் சொன்ன பச்சை வலைதான் சரி.

உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். மூங்கில் கழி முளைத்த பருவத்திலேயே முழு உயரத்தையும் எட்டிவிடும், பிறகு நீளாது. வேண்டிய உயரத்தில் நுனியை வெட்டினால் அந்தக் கழி மறுபடி உயராது. பக்கக் கிளைதான் அடர்த்தியாகும். தடிமனும் அப்படியே. முளை எந்தப் பருமனில் மண்ணை விட்டு வெளியே வருகிறதோ அதே பருமன்தான் கடைசி வரை. நீங்கள் வாங்கும் கன்றின் குச்சி என்றும் தடிக்காது. அடுத்த ஆண்டு வரும் முளை அதைவிடத் தடிப்பாக வரும், அதற்கு அடுத்தது இன்னும் தடிப்பாக. இது தெரியாமல், "வைத்து இரண்டு வருடம் ஆகிறது, தண்டு பென்சிலாகவே இருக்கிறது" என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

ஆக்சிஜன் கணக்குக்கு ஆதாரம் கேட்டால் யாரும் காட்டுவதில்லை. மறைப்புக்காக வையுங்கள், நிழலுக்காக வையுங்கள்.

அடையாறு பால்கனி (சென்னை)

தொட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். மொட்டை மாடியில் 200 லிட்டர் பீப்பாயில் ஈர மண் நிரப்பினால் 300 கிலோவைத் தாண்டும். கட்டடத்துக்குத் தெரிந்த பொறியாளரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். வைத்தாலும் தூண் அல்லது உத்தரத்தின் மேல் வையுங்கள். பாதிப் பீப்பாய் போதும்.

தொட்டியில் அழகு என்றால் புத்தர் வயிற்று மூங்கில்தான். கணுவுக்குக் கணு நடுவே தொப்பை விட்டு நிற்கும். ஒரு வேடிக்கை: அந்தத் தொப்பை பசியால் வருவது. நெருக்கமான தொட்டி, அளந்து விட்ட தண்ணீர் என்று வைத்திருந்தால் குட்டையாக உப்பிக்கொண்டு வரும். அதையே தரையில் நட்டுச் சாணமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் தொப்பை போய், நெட்டையாகச் சாதாரண மூங்கிலாக ஓடிவிடும். "போலிக் கன்று கொடுத்துவிட்டார்கள்" என்று நர்சரிக்காரரோடு சண்டைக்குப் போன என் அத்தைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வாமின் என்ற குட்டை வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். அது மஞ்சள் மூங்கிலின் உறவு. தொப்பை விடுவதில் இவ்வளவு அடம் பிடிக்காது.

உப்புத் தண்ணீர்: இலை நுனி காய்ந்து பழுப்பாகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைத் தொட்டிக்குக் கொடுங்கள். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டில் வேர் தொட்டியை நிறைத்துவிடும். அப்போது ரம்பத்தால் தூரை இரண்டாக அறுத்து, ஒன்றை நண்பருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கண்ணாடிக் குவளையில் சுருண்டு சுருண்டு விற்கிறார்களே, அதிர்ஷ்ட மூங்கில், அது மூங்கிலே இல்லை, டிரசீனா. யாராவது அதை நீட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

மாடிப்பந்தல் (கோவை)

எல்லோருக்கும் நன்றி. வேலிக்கணக்கு அண்ணா, பச்சை வலையை என் கணவரிடம் காட்டவே பயமாக இருக்கிறது, உடனே ஒப்புக்கொண்டுவிடுவார்.

கறுப்பு மூங்கில் என்று படத்தில் பார்த்தேன். தண்டு கருகருவென்று இருக்கிறது. அது இங்கே வருமா?

தேவாலா (நீலகிரி)

வரும், வராது. கறுப்பு என்ற பெயரில் இரண்டு மூன்று செடிகள் விற்பனையில் இருக்கின்றன. ஃபில்லோஸ்டாகிஸ் நைக்ரா குளிர் நாட்டுச் செடி, ஓடும் வகை. கோவை வெயிலில் மெலிந்துபோகும். குளிர் ஒத்துப்போனால் தோட்டத்தில் ஓடத் தொடங்கும். எனக்கு ஒரு நர்சரியில் இதைத்தான் "ஓடவே ஓடாது" என்று கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு காப்பிச் செடிக்கு நடுவே முளைத்திருந்தது. சமவெளிக்கு ஏற்றது ஜாவாக் கறுப்பு, திமோர்க் கறுப்பு என்று சொல்லப்படும் வெப்ப நாட்டு இனங்கள், தூர் கட்டும். ஆனால் அவை பெரிய மூங்கில், மூன்றடி மண்ணில் நிற்காது. முளைக்கும்போது பச்சை, சில மாதங்களில்தான் கறுக்கும். எனவே பையில் இருக்கும் இளங்கன்று கறுப்பாக இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள். கறுப்பாக இருக்கிறதே என்று பாய்ந்து வாங்கவும் வேண்டாம். பெயரை எழுதி வாங்குங்கள்.

குருத்துக்காக யாராவது வளர்க்கச் சொன்னால் ஒரு எச்சரிக்கை. பச்சைக் குருத்தில் சயனைடு விடுகிற பொருள் இருக்கிறது. எங்கள் பக்கம் மட்டை உரித்து, மெல்லியதாக நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்து, வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் பொரியலுக்கு எடுப்போம். மட்டையில் இருக்கும் சன்ன மயிர் தோலில் ஏறினால் நாள் முழுவதும் அரிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது. முள் மூங்கிலை வேலிக்கென்று வைக்கும் யோசனை யாருக்கும் வந்தால் எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். எங்களுக்கு யானையும் விருந்தாளியாக வரும்.

பாம்பு விஷயத்தில் உங்கள் மாமியாரை முழுவதும் தள்ளிவிட முடியாது. சருகு முழங்கால் உயரம் சேர்ந்தால் தவளையும் எலியும் குடியேறும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். சருகைக் கூட்டி மற்றச் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டுவிட்டால் வராது. தூருக்கு அடியில் மெல்லிய பரப்பாக மட்டும் கொஞ்சம் விடுங்கள். அதிலுள்ள சிலிக்கா மூங்கிலுக்கே திரும்பிப் போகட்டும்.

மாடிப்பந்தல் (கோவை)

போய் வந்துவிட்டேன்!

வாளையார் வண்டி சொன்னபடி முதல் பாதி நாள் கன்றுப் பக்கமே போகவில்லை. அம்மா ஒரு பெண்மணியிடம் தரையில் உட்கார்ந்து கீற்று இழுக்கக் கற்றுக்கொண்டார். கத்தியை அசைக்காமல் இருப்பதுதான் கடினம் என்கிறார்; அவர் இழுத்த கீற்றெல்லாம் நடுவில் அறுந்தது, அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே அறுந்தவற்றையும் ஒரு கிண்ணத்துக்கு அடியாகப் பின்னிவிட்டார். இருவருக்கும் பொது மொழி பாதிதான்.

கன்று விற்றவர் திருச்சூர்ப் பக்கத்துப் பெரியவர். தாய்த் தூருக்கு என்ன வயது என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை எல்லோரும் விலையைத்தான் கேட்டார்களாம். முள் மூங்கிலுக்கு விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்றெல்லாம் சொன்னார். வேலி மூங்கிலைத் தன் தோட்டத்துத் தூரைப் பிரித்தே எடுப்பதாகவும், அது பூத்துப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பீச்சி வன ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலுப்பாடத்தில் மூங்கில் தோட்டமே இருக்கிறது, பாலோட்டுத் தாவரவியல் பூங்காவிலும் இருக்கிறது, பெரிய தூர்களைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்கினால் யாரும் தவறு செய்ய மாட்டார்கள் என்றார். அடுத்த முறைக்கு எழுதி வைத்துக்கொண்டேன்.

தேர்ந்தெடுத்தது இப்படி. முதலில் இலையைப் பார்த்தேன், எல்லாம் பளபளவென்றே இருந்தன. அவரே சொன்னார்: இலையைப் பார்க்காதே, தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கு. ஒரு பையில் மண் கட்டி முழுவதும் தண்டோடு எழுந்தது. பக்கத்துப் பையில் தண்டு மட்டும் ஓரங்குலம் மேலே வந்தது, மண் அசையவில்லை. போத்து தன்னிடம் சேர்த்து வைத்த சத்திலேயே இலை விட்டுவிடுமாம். வேரும் கிழங்கும் பிறகுதான் வரும், சிலவற்றில் வராமலே போகும். மண்ணுக்குள்ளிருந்து ஒரு புது முளை கூம்பாக எட்டிப் பார்க்கும் பைகளாகப் பொறுக்கி எடுத்தோம். இரண்டாவது பையை அவர் எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார், விற்கவில்லை.

வேலி மூங்கில் ஐந்து, வாமின் ஒன்று. மஞ்சளை விட்டுவிட்டேன். கறுப்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது குளிர்காலம் முடியப்போகிறது. உடனே நடலாமா?

வாளையார் வண்டி (பாலக்காடு)

எப்படிக் கொண்டு வந்தீர்கள் அக்கா? திறந்த வண்டியின் பின்னால் வைத்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலையை உரித்துவிடுமே.

மாடிப்பந்தல் (கோவை)

ரயில்தான். பழைய வேட்டியால் சுற்றி இருக்கைக்கு அடியில் கிடத்திக்கொண்டோம். நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வந்ததில், எதிரே இருந்தவர் ஆலுவாவிலிருந்து பாலக்காடு வரை மூங்கிலைப் பற்றியே பேசினார்.

ஓய்வுபெற்ற வனவர் (மேட்டுப்பாளையம்)

நல்ல கையில் வாங்கியிருக்கிறீர்கள்.

உடனே நட வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலைப் புதுக் கன்று தாங்காது. பையோடு அரை நிழலில், சுவருக்குக் கிழக்கே வையுங்கள். பை காயக் கூடாது, நனைந்து ஊறவும் கூடாது. இலை கொஞ்சம் மஞ்சளாகி உதிரும். பழைய இலை போய்ப் புது இலை வருவது அதன் வழக்கம், உரத்தைக் கொட்டிவிடாதீர்கள். இலைக்கு அடியிலும் நெருக்கமான கணுவிலும் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்.

இப்போதே குழியை எடுத்து ஆற விடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. மேல்மண்ணோடு மக்கிய சாணமும், மண் இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் மணலும் கலந்து வையுங்கள். ஜூனில் தென்மேற்குச் சாரல் தொடங்கியதும் நடலாம். பையில் இருந்த அதே ஆழம்தான், அதைவிட ஆழமாகப் புதைக்க வேண்டாம். முதல் ஆண்டு எந்தக் கழியையும் வெட்டாதீர்கள். முதல் மழைக்காலத்தில் வருகிற முளை நூலாக இருக்கும், மனம் விட வேண்டாம். மறைப்பு என்று சொல்லத்தக்கது மூன்றாம் ஆண்டில்தான் நிற்கும். அதுவரை எதிர்வீட்டு ஜன்னலுக்கு ஈரோட்டுக்காரரின் பச்சை வலையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வேலிக்கணக்கு (ஈரோடு)

கடைசியில் வலை ஜெயித்தது!

சரி, வைப்பதென்று ஆகிவிட்டது. வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் தெருவில் ஆள் வைத்து வெட்டியபோது கணுவுக்கு மேலே அரையடி விட்டு வெட்டினார்கள். மழை பெய்ததும் ஒவ்வொரு அடிக்கட்டையும் ஒரு கிண்ணம், ஒவ்வொன்றிலும் கொசுப்புழு. கணுவை ஒட்டி, அதற்குச் சற்று மேலே வெட்டினால் தண்ணீர் நிற்க இடமிருக்காது.

வீட்டு மூங்கிலை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டுமா? வனவர் ஐயா சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற வனவர் (மேட்டுப்பாளையம்)

1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலையும் மரம் என்ற வரையறைக்குள் வைத்திருந்தது. 2017 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை நீக்கினார்கள், பிறகு நாடாளுமன்றமும் திருத்தத்தை ஏற்றது. காட்டுக்கு வெளியே, சொந்த நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்ட அந்தச் சட்டப்படி அனுமதி வேண்டாம். லாரியில் ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதாக இருந்தால் மட்டும் மாநில விதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள். இவருடைய ஐந்து தூருக்கு அரிவாள் போதும்.

மாடிப்பந்தல் (கோவை)

குழி எடுக்கத் தொடங்கிவிட்டோம். அம்மாவுக்கு ஒரு சந்தேகம். விழாவில் மூங்கில் புட்டுக்குழல் வாங்கினார், கயிறு சுற்றியது. அதற்குள் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

தேவாலா (நீலகிரி)

போட வேண்டாம். கொதிக்கிற கஞ்சித் தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, உள்ளே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நிழலில் இரண்டு பக்கமும் திறந்தபடி காய வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். சோப்பு வேண்டாம், புட்டில் மணம் ஏறிவிடும். முதல் இரண்டு முறை அவிக்கிற மாவைச் சாப்பிடாமல் காக்காய்க்கு வைத்துவிடுங்கள். அடுப்படியில் மூடிய அலமாரிக்குள் வைக்காமல், காற்றுப் படும்படி ஆணியில் தொங்கவிடுங்கள். கயிறு தளர்ந்தால் உடனே இறுக்கிச் சுற்றுங்கள். குழல் பிளப்பது பெரும்பாலும் கயிறு விட்ட இடத்தில்தான்.